சிரிப்பும் கும்பிடும்

(தோட்டக் குடும்பங்களின் ஒன்றுகூடலில் நிதியத்தின் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை. பெரும்பாலும் பேசியபடியே தரப்படுகிறது.)



இந்தக் கூட்டத்துக்கு வந்தால் நாங்கள் என்ன பேசுவோம் என்பது உங்களுக்கு மனப்பாடம். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள், பிள்ளையின் தடுப்பூசித் திகதியை மறக்காதீர்கள், சேமலாப நிதிக் கடுதாசியைப் பத்திரமாக வையுங்கள். போன கூட்டத்தில் ஒரு பாட்டி எழுந்து, "எப்பப் பார்த்தாலும் கையக் கழுவு, காலக் கழுவுன்னே சொல்றீங்களே, மனசக் கழுவுறதுக்கு ஒண்ணும் இல்லீங்களா?" என்று கேட்டார். கூட்டமே சிரித்தது. நாங்களும் சிரித்தோம். ஆனால் கேள்வி நல்ல கேள்வி. ஆகையால் இன்று சவர்க்காரத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, சிரிப்பதைப் பற்றியும் கும்பிடுவதைப் பற்றியும் கொஞ்சம் பேசலாம் என்று வந்திருக்கிறோம்.

இரண்டையும் ஒரே கூடையில் போடலாமா என்று சில பெரியவர்கள் யோசிக்கக்கூடும். போடலாம். இரண்டும் ஒரே மூட்டையில்தான் இந்த மலைக்கு வந்தன.

நம் முன்னோர் 1820களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வரத் தொடங்கினார்கள். அதன் 200ஆவது ஆண்டை 2023இல் நினைவுகூர்ந்தோம். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே கால்நடையாக மாத்தளைக்கு வந்தார்கள். காலராவும் காய்ச்சலும் பசியும் எத்தனையோ பேரை வழியிலேயே கொண்டுபோயின. மிச்சமாக வந்து சேர்ந்தவர்களிடம் என்ன இருந்தது? ஒரு துணிமூட்டை, கங்காணியிடம் பட்ட கடன். அந்தக் கடனைத் தீர்த்துத் 'துண்டு' வாங்காமல் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியாது. துண்டு முறை சட்டப்படி ஒழிந்தது 1921இல்தான். இந்த மூட்டையும் கடனும் போக, கணக்கில் வராத இரண்டு சாமான்கள் அவர்களிடம் இருந்தன. ஒன்று ஊர்ச்சாமி, மற்றது ஊர்ச்சிரிப்பு. செக்ரோலில் இவற்றை எழுத இடமில்லை. ஆகவே யாராலும் அதில் கழிவு போடவும் முடியவில்லை.

முதலில் சாமியை எடுத்துக்கொள்வோம். நம்முடைய சாமிகள் தூரத்துச் சாமிகள் இல்லை. லயத்துக்குப் பக்கத்தில் மாரியம்மன். மலையில் மரத்தடியில் முனியாண்டி, மாடசாமி. ஸ்டோரில் ரோதைமுனி. ரோதை என்றால் சக்கரம், அது போர்த்துக்கீசர் விட்டுப்போன சொல். இயந்திரம் சீமையிலிருந்து வந்தது, அதை ஓட்டுவதற்குப் படித்தவர்களும் வந்தார்கள். ஆனால் அதற்கும் ஒரு முனியை வைத்து, எலுமிச்சம்பழம் வெட்டி, சூடம் கொளுத்தினால்தான் நம் ஆட்களுக்கு மனசு ஆறியது. பெல்ட்டில் கை சிக்கினால் என்ன ஆகும் என்று கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள். பயந்தவனுக்குத்தான் காவல் தெரியும்.

பக்கத்திலேயே இருக்கிற சாமியோடு எப்படிப் பேசுவோம்? வீட்டு மனுசரோடு பேசுவது போலத்தான். ஒரு கதை சொல்வார்கள், உங்களுக்குத் தெரிந்த கதையாகவும் இருக்கலாம். ஒருவருடைய மாடு காணாமல் போயிற்று. "முனியாண்டி, மாடு கிடைச்சா உனக்கு ஒரு சேவல்" என்று நேர்ந்துகொண்டார். மறுநாளே மாடு வந்துவிட்டது. சேவலைப் பார்த்தார். நல்ல சேவல், கொடுக்க மனசு வரவில்லை. நேரே மரத்தடிக்குப் போய்ச் சொன்னாராம்: "சாமி, மாடு வந்துருச்சு, சந்தோசம். ஆனா எங்களுக்கே சம்பளம் பத்தாந்தேதிதான். வேல செஞ்ச அன்னிக்கே கூலி கேக்குறது நம்ம தோட்டத்துல வழக்கமில்லீங்க. நீங்களும் பத்தாந்தேதி வரைக்கும் பொறுத்துக்குங்க."

இதைக் கேட்டுச் சிரிக்கிறோம். முனியாண்டிக்குக் கோபம் வருமா? வராது என்றுதான் நமக்குத் தோன்றுகிறது. சொந்தக்காரரோடுதானே கேலி பேசுவோம்? அந்நியரோடு பேசமாட்டோம். சாமியோடு இப்படிப் பேச முடிகிறது என்றால், சாமி நம் லயத்து ஆள் என்று அர்த்தம். அதே ஆள் பத்தாந்தேதி சேவலைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார், அதுவும் நிச்சயம். நேர்த்திக் கடனை ஏமாற்றிய மனுசரை நம் தோட்டங்களில் காண்பது கஷ்டம். கடைக்கடனை ஏமாற்றுவார், அது வேறு.

மஸ்கெலியாப் பக்கத்து ஆட்கள் இன்னொரு கதை சொல்வார்கள். மார்கழிப் போயாவிலிருந்து வெசாக் போயா வரைக்கும் சிவனொளிபாதமலைக்கு ஆட்கள் ஏறுவார்கள். நல்லதண்ணி வழியே இரவெல்லாம் விளக்கு வரிசை தெரியும். மேலே இருப்பது ஒரு பாதம். பௌத்தர்கள் அது புத்தருடைய பாதம் என்கிறார்கள், நாம் சிவனுடையது என்கிறோம், இஸ்லாமியர் ஆதமுடையது என்கிறார்கள், கிறிஸ்தவர்களில் சிலர் புனித தோமாவுடையது என்கிறார்கள். அங்கே வேலை செய்யும் பெரியவர் ஒருவர் சொன்னார்: "ஒரு பாதத்துக்கு நாலு சொந்தக்காரங்க. நாலு பேரும் ஒரே படியில ஏறி, ஒரே கடையில சாயத்தண்ணி குடிச்சுட்டு எறங்குறாங்க. நம்ம லயத்துல ஒரு வாழைமரத்துக்கு ரெண்டு சொந்தக்காரங்க. மூணு வருசமாக் கேசு நடக்குது."

மனுசனுடைய குணத்தைப் பற்றி இதைவிட நன்றாகச் சொல்ல நமக்குத் தெரியவில்லை.

இனிச் சிரிப்புக்கு வருவோம். தொல்காப்பியம் என்கிற பழைய இலக்கண நூலில் மனிதரின் உணர்ச்சிகளை எட்டாகப் பிரித்திருக்கிறார்கள். அந்த எட்டில் முதலாவதாக வைத்திருப்பது அழுகையை இல்லை, கோபத்தை இல்லை, சிரிப்பைத்தான். அந்தச் சிரிப்பு எதனால் வருகிறது என்பதற்கும் நாலு காரணம் சொல்லியிருக்கிறது. பிறரை இளக்காரம் பண்ணுவதால் வரும். சின்னப்பிள்ளைத்தனத்தால் வரும். ஒன்றும் அறியாததால் வரும். எதைச் சொன்னாலும் நம்பிவிடுகிற வெகுளித்தனத்தால் வரும். இதில் இளக்காரத்தைத்தான் முதலில் வைத்திருக்கிறது. நமக்கும் இன்று அதில்தான் வேலை. இளக்காரம் யாரைப் பார்த்து என்பதுதான் கேள்வி.

முன்பெல்லாம் நம் ஆட்களின் இளக்காரம் மேலே பார்த்துத்தான் போயிற்று. வெள்ளைக்காரத் துரைமார் தமிழ் படிப்பதற்காகக் கொழும்பில் ஒரு சிறு புத்தகம் அச்சடித்து விற்றார்கள். அதன் பெயர் என்ன தெரியுமா? 'இங்கே வா'. புத்தகத்தின் பெயரே அதுதான். ஒரு மொழியைப் படிக்க வருகிறவன் முதலில் வணக்கம் சொல்லப் படிப்பான், பெயர் கேட்கப் படிப்பான். துரை முதலில் படித்தது அதட்டுவதற்கு. அந்தத் தமிழைக் கேட்டுவிட்டு, மலையில் முகத்தை ஒரு துளியும் கோணாமல் "ஆமாங்க தொரை" என்று சொல்லி, இரவு லயத்தில் அதே குரலில் பேசிக்காட்டி வயிறு வலிக்கச் சிரித்தார்கள் நம் தாத்தா பாட்டிமார். கையைக் கட்டிக்கொண்டு நிற்கச் சொன்னார்கள், நின்றார்கள். வாயைக் கட்ட யாராலும் முடியவில்லை.

சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்களைப் பாருங்கள். தெம்மாங்கும் தாலாட்டும் ஒப்பாரியும் இருக்கிற இடத்திலேயே கங்காணியையும் கணக்கப்பிள்ளையையும் குத்திக்காட்டுகிற வரிகளும் இருக்கின்றன. எழுதியவர் பெயர் கிடையாது. எழுதப்படிக்கத் தெரியாத பெண்கள், கொழுந்து கிள்ளிக்கொண்டே கட்டியவை. கோ. நடேசய்யரின் மனைவி மீனாட்சியம்மையும் மேடைப் பேச்சுக்கு நடுவே பாட்டுப் பாடித்தான் தோட்டத்து ஆட்களைச் சங்கத்துக்குச் சேர்த்தார். பேச்சுக்கு வராதவன் பாட்டுக்கு வருவான், பாட்டுக்கு வராதவன் கேலிக்கு வருவான்.

இந்தக் கால உதாரணமும் ஒன்று இருக்கிறது. தோட்டத்தின் பெயர் வேண்டாம். மழை நாளில் கொழுந்து நிறுக்கிறபோது, "கூடை நனைஞ்சிருக்கு" என்று இரண்டு கிலோவைக் கழித்துவிட்டார்கள். வரிசையில் நின்ற ஒரு அக்கா மெதுவாகக் கேட்டார்: "கூடை நனைஞ்சதுக்கு ரெண்டு கிலோ கழிச்சீங்க, சரி. நானும் காலையிலிருந்து நனைஞ்சுக்கிட்டுத்தானே நிக்கிறேன்? என்னைய நிறுத்து எத்தனை கிலோ கழிப்பீங்க?" தராசைப் பிடித்திருந்தவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. கழித்தது அன்று திரும்ப வரவில்லை. ஆனால் மறுநாள் கழிவைப் பற்றி வாய் திறந்து கேட்க ஐந்து பேர் இருந்தார்கள். பயம் முதலில் உடைவது சிரிப்பில்தான்.

'துன்பம் வந்தால் சிரி' என்று வள்ளுவர் சொல்லியிருக்கிறாரே என்பார்கள். 'இடுக்கண் அழியாமை' என்று அதற்கு ஒரு அதிகாரமே இருக்கிறது. நல்ல சொல்தான். ஆனால் அதை யார் யாருக்குச் சொல்கிறார் என்றும் பார்க்கவேண்டும். கஷ்டப்படுகிறவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டால் அது தைரியம். வயிறு நிறைந்தவர் பசித்தவருக்குச் சொன்னால் அது நழுவுகிற வழி. எங்களைப் போல கூட்டத்துக்குக் கூட்டம் உபதேசம் செய்கிறவர்கள் இதைக் கவனமாகக் கையாளவேண்டும்.

சாமியும் சிரிப்பும் ஒன்றாகக் கலந்த ஒன்று நம்மிடம் உண்டு, காமன் கூத்து. மாசி மாதத்தில் கம்பம் நட்டு, இரவிரவாகத் தப்படித்து ஆடுகிறோம். சிவபெருமானின் தவத்தைக் கலைக்க மன்மதனைத் தேவர்கள் அனுப்புகிறார்கள். ரதி கெட்ட கனவு கண்டு, "போகாதீங்க" என்று தடுக்கிறாள். உன் அப்பன் பெரியவனா, என் அப்பன் பெரியவனா என்று புருஷனும் பெண்சாதியும் தர்க்கம் பண்ணுகிறார்கள். நம் லயத்துச் சண்டை அப்படியே மேடையில் நடக்கும், பார்க்கிறவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சொன்னதைக் கேட்காமல் மன்மதன் போகிறான், எரிந்து சாம்பலாகிறான். பிறகு ரதியின் ஒப்பாரி. ரதி வேஷம் கட்டியிருப்பது யார்? பகலில் கவ்வாத்து வெட்டுகிற பையன். அவன் மீசையை வழித்ததை எல்லாரும் காலையில் பார்த்திருக்கிறோம், கேலியும் பண்ணியிருக்கிறோம். ஆனாலும் அந்த ஒப்பாரி எழும்போது தாய்மார் முந்தானையால் கண்ணைத் துடைக்கிறார்கள். தாலி அறுத்தவர்கள் எழுந்து இருட்டுப் பக்கம் போய்விடுகிறார்கள். வேஷம் என்று தெரியும், சாமி என்றும் தெரியும். இரண்டும் ஒரே நேரத்தில் மனசுக்குள் இருக்கும். தஞ்சாவூர்ப் பக்கத்தில் காமன் எரிந்தானா எரியவில்லையா என்று இரண்டு கட்சி பிரிந்து, டேப்படித்து லாவணி பாடுவார்கள். சாமி கதையை வைத்துக்கொண்டே இரவு முழுக்க வாதாடிச் சிரிக்கிற தைரியம் அது.

ஒரு தாய் எங்களிடம் சொன்னது: "பொண்டாட்டி சொன்னதக் கேட்டிருந்தா எரிஞ்சிருக்க மாட்டான்." இதையும் மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

இதுவரைக்கும் நம்மை நாமே மெச்சிக்கொண்டோம். இனி மெச்சமுடியாத பக்கம்.

மேலே பார்த்துப் போன இளக்காரம் எப்போது கீழே திரும்பியது என்று தெரியவில்லை. ஆனால் திரும்பியிருக்கிறது. பட்டப்பெயர்களைக் கவனியுங்கள். முன்பு கங்காணிக்கும் கணக்கப்பிள்ளைக்கும் வைத்த பட்டப்பெயரை இன்று யாருக்கு வைக்கிறோம்? காலை இழுத்து நடக்கிறவருக்கு, பிள்ளை இல்லாதவளுக்கு, புருஷன் விட்டுப்போனவளுக்கு, வாய் திக்குகிற பிள்ளைக்கு. ஒரு டிவிசனில் நன்றாகப் படித்த ஒரு பையன் பாடசாலைக்கே போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டான். வாத்தியார் அடித்தாரா என்று கேட்டோம், இல்லை. சாப்பாடு இல்லையா, இருக்கிறது. பஸ் ஏறுகிற இடத்தில் பெரிய பையன்கள் அவன் திக்குவதைப் போலவே பேசிக்காட்டிச் சிரிக்கிறார்களாம். அவ்வளவுதான் காரணம். "சும்மா வெளையாட்டுக்குத்தாங்க" என்றார்கள் அந்தப் பையன்கள். கெட்ட பிள்ளைகள் இல்லை. துரையைப் போலப் பேசிக்காட்டியவருடைய கொள்ளுப் பேரன்மார்தான். திறமை அதேதான், அதைத் திருப்பிய பக்கம்தான் வேறு.

கும்பிடுவதிலும் இப்படி ஒரு திருப்பம் உண்டு. கொழுந்து மலைக்குப் போனதும் சாமிக் கல்லைக் கும்பிட்டு, பொலி சொல்லி, முதல் கொழுந்தைக் கிள்ளுகிறோம். அழகான வழக்கம். கும்பிட்டு முடித்துவிட்டு ஒரு தடவை தலையை நிமிர்த்தி மரத்தைப் பார்க்கிறோமா? குளவிக்கூடு மேலே மரக்கிளையிலும் இருக்கும், தேயிலைச் செடிக்குள்ளும் இருக்கும். குளவி கொட்டி உயிர் போன தாய்மார் நம் தோட்டங்களில் உண்டு. கூடு இருப்பது முதல் நாளே தெரிந்தும், "ஆத்தா காப்பாத்துவா" என்று நிரையில் இறங்கிய இடங்களும் உண்டு. ஆத்தா நமக்குக் கண் கொடுத்திருப்பதும் காவலுக்குத்தான். கூட்டைக் கண்டால் கங்காணியிடம் சொல்லி நிரையை மாற்றிக் கேட்கவேண்டும். பல குளவி கொட்டினாலோ, முகம் வீங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ விபூதி போட்டுக்கொண்டே வைத்தியசாலைக்கு ஓடவேண்டும். 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். மன்னிக்கவும், சவர்க்காரத்தை வைத்துவிட்டு வந்தோம் என்றோம், பழக்கம் விடவில்லை.

இப்போது சொல்ல வந்ததற்கு வருகிறோம்.

நம் லயங்களில் எல்லாரையும் அதிகமாகச் சிரிக்க வைக்கிற மனிதர் யார்? யோசித்துப் பாருங்கள். சம்பள நாள் இரவில் தவறணையிலிருந்து மலையேறி வருகிறவர். ஒரு கால் ரோட்டில், ஒரு கால் கானில். எம்.ஜி.ஆர். பாட்டு அரை, சிவாஜி வசனம் அரை. நாய்க்கு சலாம் போடுவார், லாம்புக் கம்பத்தோடு சண்டை பிடிப்பார். பிள்ளைகள் பின்னாலேயே போகும். நாமும் இஸ்தோப்பில் நின்று பார்த்துச் சிரிப்போம். சினிமாவிலும் இப்போது குடிகாரன் வந்தால் சிரிப்பு நிச்சயம். 1949இல் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் நடித்த 'நல்லதம்பி' வந்தது. அதிலும் சிரிப்புக்குக் குறைவில்லை, ஆனால் அந்தச் சிரிப்பு குடிக்கு எதிரான சிரிப்பு. கலைவாணர் குடியைப் பார்த்துச் சிரிக்க வைத்தார். பின்னால் வந்தவர்கள் குடிகாரனோடு சேர்ந்து சிரிக்க வைத்தார்கள். இரண்டுக்கும் உள்ள தூரம் கொஞ்சமில்லை.

ரோட்டில் சிரிப்பு முடிந்ததா? அவர் வீட்டுக்குள் போகிறார், கதவு சாத்துகிறது. நாமும் உள்ளே போய்விடுகிறோம். அதற்குப் பிறகு நடப்பதற்குச் சிரிக்க ஆள் இல்லை.

அப்படி ஒரு வீட்டுத் தாயிடம் பேசினோம். அவர் கணவர் அந்த லயத்திலேயே பெரிய பகிடிக்காரர் என்று பெயர். "உங்க வீட்டுக்காரர் இருந்தா கூட்டமே கலகலன்னு இருக்குமாமே" என்று நாங்கள் பேச்சுக்குச் சொன்னோம். அவர் தேங்காய் துருவுவதை நிறுத்தவில்லை. "ஆமாங்க. ஊரே சிரிக்கும். ஊருக்குச் சிரிப்பு, எனக்குச் சம்பளம் போச்சு. கையில காயம் என்னான்னு கேட்டா கொழுந்து மலையில விழுந்தேன்னு சொல்லுவேன். நானும் பகிடிக்காரிதாங்க" என்றார்.

நாங்கள் பதில் பேசவில்லை. பேசத் தெரியவில்லை.

நம்முடைய பழைய லயக் காம்பரா 10 அடிக்கு 12 அடி. நடுச்சுவர் பல இடத்தில் கூரைவரை போவதில்லை. முதல் காம்பராவில் ஒருவர் தும்மினால் நாலாவது காம்பராவிலிருந்து "நூறு" என்று ஆயுசு சொல்வோம். யார் வீட்டில் கருவாடு, யார் வீட்டில் வெறும் ரொட்டியும் சம்பலும் என்பது மூக்குக்கே தெரியும். பிள்ளைக்கு மாந்தம் என்றால் விடியுமுன்னே மூன்று வீட்டு வைத்தியம் வந்துவிடும். அவ்வளவு நல்ல சுவர் அது. தும்மல் கேட்கிற சுவருக்கு அடி மட்டும் கேட்காதா?

கேட்கிறது. கேட்டுவிட்டு என்ன சொல்கிறோம்? இரண்டில் ஒன்று சொல்கிறோம். இளைஞராக இருந்தால், "இன்னிக்கு மாமா வீட்ல படம் ஓடுது" என்று ஒரு பகிடி. வயதானவராக இருந்தால், "பொறுத்துக்க தாயி, மாரியாத்தா பாத்துக்குவா" என்று ஒரு கும்பிடு. நம் முன்னோர் மூட்டையில் கட்டிக்கொண்டு வந்த அந்த இரண்டு நல்ல சாமான்களையும் எடுத்து, அந்த வீட்டுக் கதவுக்கு வெளியே தாழ்ப்பாளாகப் போடுகிறோம். அதுதான் எங்களுக்குப் பொறுக்கவில்லை. குளவிக்கு ஆத்தா காப்பாற்றுவாள் என்றவருக்காவது கொட்டு தன் முகத்தில் விழும். இங்கே ஆத்தாவைக் கூப்பிடுகிறவர் ஒருவர், அடி வாங்குகிறவர் வேறொருவர்.

"குடும்ப விசயம், நாம எப்படித் தலையிடுறது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் சட்டம் அதைக் குடும்ப விசயம் என்று விட்டுவிடவில்லை. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அடிபடுகிறவர் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம், 12 மாதம் வரைக்கும் அது கிடைக்கும். அடிதான் விழவேண்டும் என்றும் இல்லை, மனசை நோகடித்துக்கொண்டே இருப்பதும் அதில் அடங்கும். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, தமிழிலும் பேசலாம். பிள்ளைகளுக்கு 1929. இந்த நாலு எழுத்தையும் கூப்பன் கடைக் கணக்கு எழுதுகிற இடத்தில் எழுதி வையுங்கள், கேட்கிறவர்களுக்குச் சாமான் கணக்கு என்று சொல்லலாம்.

சட்டம் இருக்கிறது, கோடு தூரத்தில் இருக்கிறது. பஸ்ஸுக்குக் காசு வேண்டும், ஒரு நாள் பேர் போகும், திரும்பி வருவதும் அதே காம்பராவுக்குத்தான். இதெல்லாம் எங்களுக்குத் தெரியும். ஆகையால் ஒரு தோட்டத்துத் தாய்மார் தாங்களாகவே கண்டுபிடித்த வழியைச் சொல்கிறோம். நாங்கள் சொல்லிக்கொடுத்தது இல்லை, அவர்களிடம் நாங்கள் படித்தது.

அந்த லயத்திலும் சம்பள நாள் இரவில் ஒரு வீட்டில் சத்தம் வரும். பொலிசுக்குப் போக அந்த வீட்டுப் பெண்ணுக்கு மனசில்லை, பயம். பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் சத்தம் கேட்டதும் ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினார். "தம்பி, கொஞ்சம் உப்பு இருக்கா?" தூக்கிய கை அப்படியே நின்றது. உப்பு கேட்டு வந்தவரை எப்படி விரட்டுவது? உப்பு கொடுத்தார்கள். பத்து நிமிஷத்தில் மறுபடி சத்தம். அடுத்த வீட்டிலிருந்து இன்னொருவர், கிண்ணத்தோடு. "கொழம்பு கொதிக்குது, உப்பு தீர்ந்துருச்சு." பிறகு மூன்றாவது ஆள். அன்று இரவு அந்த லயத்தில் ஏழு வீட்டில் உப்பு தீர்ந்து போயிற்று. ஒருத்தரும் ஒரு வார்த்தை புத்தி சொல்லவில்லை. உப்பு வாங்கிக்கொண்டு அங்கேயே நின்று மழையைப் பற்றிப் பேசினார்கள், கொழுந்தைப் பற்றிப் பேசினார்கள், பிள்ளை தூங்கிவிட்டதா என்று உள்ளே எட்டிப் பார்த்தார்கள். கோயில் தலைவரையும் விடவில்லை. மறுநாள் அவர் வந்து திருவிழாக் காவடிப் பேர் எழுதுகிற சாக்கில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார். காவடிக்கு நோன்பு இருக்கவேண்டும், நோன்பில் தண்ணி போடக்கூடாது, அது மனுசருக்கும் தெரியும்.

அடுத்த சம்பள நாளும் அப்படியே. மூன்றாவது சம்பள நாளில், அக்கா கதவைத் தட்டுவதற்கு முன்னாலேயே அவர் கதவைத் திறந்தாராம். கையைக் கூப்பி, "தாயி, உப்புதானே? கடைக்குப் போங்க. எங்க வீட்டு உப்பெல்லாம் ஒங்க கொழம்புலதான் இருக்கு" என்றாராம். உள்ளே அடுப்படியிலிருந்து அவர் மனைவி சிரித்த சத்தம் நாலு காம்பரா தள்ளிக் கேட்டதாம்.

அவர் குடியை விட்டுவிட்டார் என்று சொல்லமாட்டோம். விடவில்லை. குறைந்திருக்கிறது என்கிறார்கள், சில மாதம் கூடுகிறது என்றும் சொல்கிறார்கள். காவடி மட்டும் தவறாமல் எடுக்கிறார். அந்த வீட்டுக்குச் சம்பள நாள் இரவில் இப்போதும் ஆள் போகிறது, கிண்ணத்தோடு.